பிற மாநிலத்தில் நம் தீபாவளி

தமிழகத்துக்கு வெளியே வாழும் நமக்குத் தீபாவளி இருமுறை வருகின்றது. ஐப்பசித் தேய்பிறைச் சதுர்த்தசியன்று, விடியுமுன் எண்ணெய் தேய்த்து நீராடிப் புத்தாடை உடுத்தி நாம் கொண்டாடுவது ஒன்று. அமாவாசை மாலையில் விளக்கேற்றி இலக்குமியை வழிபட்டு வடநாட்டு அண்டை வீட்டார் கொண்டாடுவது மற்றொன்று. காலையில் சதுர்த்தசியும் மாலையில் அமாவாசையும் ஒரே நாளில் அமையுமாயின் இரண்டும் கூடிவரும். 2025 அக்டோபர் 20-ஆம் நாள் அவ்வாறே அமைந்தது. அமையாத ஆண்டுகளில் நம்முடையது ஒரு நாள் முந்திக்கொள்ளும். 2018-இல் தமிழகம் நவம்பர் 6-ஆம் நாளும், வடநாடு 7-ஆம் நாளும் கொண்டாடின. அவ்வாண்டு உச்ச நீதிமன்றம் பட்டாசு வெடிக்க இரவு 8 மணி முதல் 10 மணி வரை என்று நேரம் வகுத்தது. பின்னர், அந்த இரண்டு மணி நேரத்தை மாற்றி அமைத்துக்கொள்ளத் தமிழகத்துக்கு இசைவு அளித்தது. காலையில் ஒரு மணியும் மாலையில் ஒரு மணியுமாகத் தமிழகம் அதைப் பிரித்துக்கொண்டது. வைகறை இல்லாத தீபாவளி நமக்குத் தீபாவளியாகத் தோன்றுவதில்லை அன்றோ?

பண்டிகை நாட்களில் நம் இல்லங்களில் காணும் களைப்புக்கும் சிடுசிடுப்புக்கும் பெரும்பாலும் இதுவே காரணம். இரண்டு தீபாவளிகளையும் முழுமையாக நடத்திவிட முயல்கின்றோம். விடியற்காலை மூன்று மணிக்கு எழுந்து வெந்நீர் போட்ட அதே கைகள், இரவு ஒன்பது மணிக்கும் விருந்தினருக்குத் தட்டு எடுத்து வைக்கின்றன. ஊரில் இவ்வேலைக்கு மாமியார் உண்டு, நாத்தனார் உண்டு, முறுக்குப் பிழிய வந்து அமரும் எதிர்வீட்டு அம்மாள் உண்டு. தில்லியிலோ மும்பையிலோ மூன்றாம் மாடியில் குடியிருக்கும் பெண்மணிக்கு அவர்களுள் ஒருவரும் இல்லை. அவரும் பல இல்லங்களில் அலுவலகம் செல்பவர். நண்பகலுக்குள் தலைவலியோடு படுத்துவிடும் தாயைக் காணும் குழந்தைகளின் மனத்தில், தீபாவளி என்ற பெயரில் எது தங்கும் என்பதை நாம் எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

ஆகவே முதற்கண் செய்யத்தக்கது, பஞ்சாங்கத்தையும் அலுவலக விடுமுறைப் பட்டியலையும் அருகருகே வைத்துப் பார்ப்பது. மத்திய அரசு அலுவலகங்களில் தீபாவளி பொது விடுமுறை. நரக சதுர்த்தசி தனி நாளில் வந்தால் அது, 'ஆர்.எச்.' என்று வழங்கும் வரையறுக்கப்பட்ட விடுமுறைகளின் பட்டியலில் இருக்கும். ஆண்டுக்கு இரண்டு நாட்களை அப்பட்டியலிலிருந்து ஊழியர் தெரிந்தெடுத்துக்கொள்ளலாம். வேறு ஏதேனும் ஒரு நாளில் இவ்விரண்டையும் செலவிட்டுவிட்டுப் பின்னர் வருந்துவோர் பலர். தனியார் நிறுவனங்களில் விதி வெவ்வேறு. அங்கே மேலதிகாரியிடம் ஒரு மாதம் முன்னரே, "எங்கள் பண்டிகை முதல் நாள் காலையிலேயே வருகிறது" என்று விளக்கிச் சொல்லிவிடுவது நலம். பலருக்கு இந்த வேறுபாடு தெரியாது.

ஊருக்குச் செல்வதா, இங்கேயே இருப்பதா என்பது அடுத்த கேள்வி. 2024 நவம்பர் 1 முதல் இரயில் முன்பதிவுக் காலம் 120 நாளிலிருந்து 60 நாளாகக் குறைக்கப்பட்டது. பயண நாளிலிருந்து அறுபது நாள் பின்னோக்கி எண்ணி, அன்று காலை எட்டு மணிக்கே முயன்றாக வேண்டும். திரும்பும் பயணத்துக்கு மற்றொரு நாளைத் தனியாகக் குறித்துக்கொள்ள வேண்டும். புது தில்லியிலிருந்து சென்னைக்குத் தமிழ்நாடு எக்ஸ்பிரஸில் இரண்டு இரவும் ஒரு பகலும் கழிகின்றன. நான்கு நாள் விடுப்பெடுத்தால் சென்னையில் இருப்பது இரண்டே நாள். திருநெல்வேலிக்காரருக்கு அதுவும் இல்லை. முதியோர் காத்திருக்கும் இல்லத்துக்குச் செல்லவே வேண்டும் என்போரை நாம் தடுக்கவில்லை. ஆயினும் நெரிசல் தணிந்த வேறொரு மாதத்தில் பத்து நாள் சென்று பெற்றோரோடு தங்குவது, அவர்களுக்கும் கூடுதல் மகிழ்ச்சி தரக்கூடும். அதை இறுதி நேரத்தில் அன்றி, முன்கூட்டியே அவர்களிடம் சொல்லிவிடுதல் முறை. கடைசி நாள் வரை 'டிக்கெட் கிடைத்தால் வருகிறோம்' என்று சொல்லிவருவது இரு வீட்டாருக்கும் துன்பம்.

இனி அடுக்களை. பலகாரங்களை அவை கெடாதிருக்கும் காலத்தை ஒட்டி வரிசைப்படுத்திக்கொண்டால் பாதி வேலை குறையும். முறுக்கு, தட்டை, ஓமப்பொடி ஆகியவை காற்றுப் புகாத டப்பாவில் இரண்டு வாரம் நிற்கும்; இவற்றைப் பத்து நாள் முன்னர் ஒரு ஞாயிறன்று முடித்துவிடலாம். அதிரசத்துக்குப் பாகில் கிளறிய மாவு இரண்டு மூன்று நாள் ஊறினால்தான் பதம் வரும். அதனால் அது இயல்பாகவே முன்கூட்டிச் செய்யும் வேலை. தீபாவளி மருந்தும் அவ்வாறே. சுக்கு, திப்பிலி, ஓமம் முதலியவற்றை வெல்லத்திலும் நெய்யிலும் கிளறி வைத்தால் பல நாள் கெடாது. தேங்காய் சேர்ந்த இனிப்பை முதல் நாளுக்கு ஒதுக்குக. பண்டிகையன்று அடுப்பில் இருக்க வேண்டியவை இட்லியும் வடையும் மட்டுமே. இனிப்பில் ஒன்றை வீட்டிலும் மற்றதைக் கடையிலும் பெறுவதில் குறைவு ஏதும் இல்லை. மாதுங்காவிலும் கரோல்பாகிலும் தமிழ்க் குடும்பங்கள் நான்கு சேர்ந்து, ஒருவர் முறுக்கும் ஒருவர் அதிரசமுமாகச் செய்து பகிர்ந்துகொள்ளலாம். ஊரில் இருந்த எதிர்வீட்டு அம்மாளை இவ்வழியில் இங்கேயும் தேடிக்கொள்ளலாம்.

வீட்டைத் துப்புரவாக்கும் பணியில் ஒரு சிக்கனம் உண்டு. ஆயுத பூசைக்கும் தீபாவளிக்கும் ஏறக்குறைய இருபது நாட்களே இடைவெளி. பூசைக்குப் பரணையும் அலமாரியையும் ஒழுங்குசெய்தவர்கள், அண்டை வீட்டார் சுவருக்கு வண்ணம் பூசுவதைக் கண்டு மீண்டும் தொடங்க வேண்டியதில்லை. பால்காரர், காவலாளி, வீட்டுவேலைக்கு வருவோர் ஆகியோருக்கான பண்டிகைப் பணத்தை மாதத் தொடக்கத்திலேயே உறைகளில் பிரித்துவைப்பதும் நன்று.

மாலையில் பக்கத்து வீட்டார் மிட்டாய்ப் பெட்டியோடு வருவார்கள். அதற்கு ஈடாக மற்றொரு பெட்டி வாங்க இரவில் கடைக்கு ஓட வேண்டுவதில்லை. நம் முறுக்கில் ஒரு பங்கைத் தனி டப்பாவில் அதற்கென்றே எடுத்துவைத்தால் போதும். பெட்டி பெட்டியாக இனிப்பு வந்து குவிந்த வீட்டில் காரமான முறுக்குக்குக் கிடைக்கும் வரவேற்பே தனி. அந்த டப்பாவைக் குழந்தைகள் கையில் கொடுத்தனுப்பிவிட்டு, இல்லத்தின் தலைவி அன்று மாலை அமர்ந்திருக்கலாம்.