பழைய கணினியும் அறியாத கட்டளையும்

இணைய வங்கிச் சேவையைத் திறக்க முற்படும்போது உலாவி தானாகவே மூடிக்கொள்கிறது. வங்கியின் தளம் பழுதடைந்துவிட்டதா என்று வாடிக்கையாளர்கள் சிலர் எங்களிடம் கேட்பதுண்டு. கடவுச்சொல்லை மாற்றியிருப்பார்கள், மென்பொருளை நீக்கி மீண்டும் நிறுவியிருப்பார்கள், செலவு செய்து நினைவகத்தையும் கூட்டியிருப்பார்கள். கணினி பழையதாயின், கோளாறு இவை எவற்றிலும் இல்லாதிருக்கக்கூடும்.

ஒவ்வொரு பிராசசரும் குறிப்பிட்ட சில கட்டளைகளை மட்டுமே அறியும். எஸ்எஸ்இ2 என்னும் கட்டளைத் தொகுதி 2000-இல் பென்டியம் 4 உடன் வந்தது. எஸ்எஸ்இ4.2, 2008-இல் முதல் கோர் ஐ7 உடன் வந்தது. ஏவிஎக்ஸ் 2011-இல் சேர்ந்தது. வேகத்தின் பொருட்டு மென்பொருள் தயாரிப்பாளர்கள் புதிய கட்டளைகளைக் கையாளத் தொடங்கும்போது பழைய பிராசசர் திகைத்து நின்றுவிடுகிறது. தமக்குத் தெரியாத எழுத்தில் எழுதப்பட்ட காசோலைக்கு எந்தக் காசாளரும் ஊகித்துப் பணம் தருவதில்லை அல்லவா? விண்டோஸும் அவ்வாறே அம்மென்பொருளை உடனே மூடிவிடுகிறது. கூகுள் குரோம் 2021-இல் வெளியிட்ட 89-ஆம் பதிப்பிலிருந்து எஸ்எஸ்இ3 கட்டாயமாயிற்று. விண்டோஸ் 11-இன் 2024-ஆம் ஆண்டுப் பதிப்புக்கு எஸ்எஸ்இ4.2 வேண்டும்; ஆகவே கோர் 2 டுவோ கணினியில் அது தொடங்குவதேயில்லை.

வாங்கிய ஆண்டை மட்டும் கொண்டு முடிவு செய்தல் கூடாது. பென்டியம், செலரான் என்ற பெயர்களில் 2011-க்குப் பின்னரும் பல ஆண்டுகள் ஏவிஎக்ஸ் இல்லாத பிராசசர்கள் விற்கப்பட்டன. சிபியு-இசட் என்னும் இலவச மென்பொருளில் ‘இன்ஸ்ட்ரக்‌ஷன்ஸ்’ என்ற வரியைப் பார்த்தால் உண்மை விளங்கும். விண்டோஸின் ஈவென்ட் வியூவரில் ‘அப்ளிகேஷன்’ பதிவுகளையும் காண வேண்டும். பிழை எண் சி000001டி என முடிந்தால், பிராசசர் அறியாத கட்டளை வந்தது என்பது பொருள். சி0000005 என முடிந்தால் அது நினைவக அணுகல் பிழை. அதன் காரணங்கள் வேறு.

பழைய பதிப்பை நிறுவினால் போதாதா? இணையத்தோடு தொடர்பில்லாத கணக்குப் பதிவேட்டு மென்பொருளுக்குப் போதும். பணப் பரிமாற்றம் செய்யும் உலாவிக்குப் போதாது. பாதுகாப்புத் திருத்தங்கள் நின்றுபோன உலாவியில் கடவுச்சொல்லை இடுவதை நாங்கள் ஒருபோதும் பரிந்துரைப்பதில்லை. லினக்ஸுக்கு மாறுவது நல்ல யோசனையே. ஆயினும் இயங்குதளத்தை மாற்றுவதால் பிராசசருக்குப் புதிய கட்டளைகள் வந்துவிடமாட்டா. அங்கும் உலாவியின் தேவையை முதலில் சரிபார்க்க வேண்டும். சிறு வணிகர்கள் பழைய கணினியைப் பதிவேடுகளுக்கு மட்டும் வைத்துக்கொண்டு, வங்கிப் பணிகளை வேறொரு கணினியிலோ கைப்பேசியிலோ செய்துகொள்ளலாம். இது செலவு குறைந்த வழி.

எமக்குப் பெருங்கவலை தருவது வேறொன்று. மூடிக்கொள்ளும் மென்பொருளுக்கு ‘திருத்திய கோப்பு’ என்று முகம் தெரியாத தளங்கள் தருவதை நிறுவுகிறார்கள். தொலைபேசியில் அழைத்தவரிடம் கணினித் திரையையே ஒப்படைக்கிறார்கள். தொலைவிலிருந்து எவராலும் பிராசசருக்குப் புதிய கட்டளையைக் கற்பிக்க இயலாது. இவ்விதம் பணம் பறிபோயிருப்பின், தாமதமின்றி 1930 என்ற எண்ணில் புகார் அளித்து, உங்கள் கிளைக்கும் தெரிவியுங்கள்.