கொடைக்கானல் டிரிப் போறீங்களா? ஆத்தூர் ஏரியிலிருந்தே ஆரம்பிங்க!

ரெண்டு நாள் லீவு சேர்ந்தாப்புல வந்தா போதும். வாட்ஸ்அப் குரூப்ல யாராவது ஒருத்தர், "மச்சி, கொடைக்கானல் போலாமா?"ன்னு போட்டுடுவாங்க. அடுத்த அரை மணி நேரத்துல கார் ரெடி, ரூம் ரெடி, ஸ்பீக்கர் ரெடி. ஆனா, அங்க போய் என்ன பண்றது? ஏரியைச் சுற்றி டிராஃபிக்கில் மூணு மணி நேரம், குணா குகை வாசலில் ஒரு செல்ஃபி, திரும்பும்போது ரெண்டு டப்பா சாக்லேட். பலருடைய டிரிப் இதோடு முடிந்துவிடுகிறது.

கொஞ்சம் பிளான் பண்ணினால் அதே ரெண்டு நாளில் இதைவிட நிறைய பார்க்கலாம். மலையையும் மூச்சு விட வைக்கலாம். எப்படின்னு பார்ப்போமா?

முதல் ஸ்டாப்: ஆத்தூர்

திண்டுக்கல் பக்கமிருந்து போகிறவர்கள் செம்பட்டியைத் தாண்டி நேராக வத்தலக்குண்டுக்குப் பறந்துவிடுவார்கள். கொஞ்சம் ஒதுங்கி ஆத்தூர் வழியாகப் போனால் மலையடிவாரத்தில் காமராஜர் நீர்த்தேக்கம். மூணு பக்கமும் மலை, சுற்றிலும் தென்னந்தோப்பு, நடுவில் தண்ணீர். டிக்கெட் கியூவும் இல்லை, கூட்டமும் இல்லை. காலையில் போனால் மலையின் நிழல் தண்ணீரில் அப்படியே தெரியும்.

ஒரு விஷயம். இது திண்டுக்கல் நகரத்துக்குக் குடிநீர் கொடுக்கும் ஏரி. ஆடலூர், பன்றிமலை பக்கமிருக்கும் மலைகளில் பெய்யும் மழைதான் இங்கே வந்து சேர்கிறது. மலையில் மழை பொய்த்தால், கீழே ஊரில் குடங்கள் வரிசைகட்டும். அதனால இறங்கிக் குளிக்கிறது, சோப்பு போடுறது, கரையில் பாட்டில் உடைக்கிறது எல்லாம் வேண்டாம். கரையில் உட்கார்ந்து ஒரு டீ குடிச்சிட்டுக் கிளம்புங்க.

ஏறும் வழியே ஒரு டூர்தான்

அவசரம் இல்லாதவர்களுக்கு இன்னொரு ரூட் இருக்கு. அய்யம்பாளையம், சித்தரேவு, பெரும்பாறை, தாண்டிக்குடி வழியாக ஏறும் கீழ்ப்பழநி மலைச் சாலை. மெயின் ரோட்டைவிடக் குறுகலானது, நேரமும் கூடுதலாகும். ஆனால், வழியெல்லாம் காபித் தோட்டம், மிளகுக்கொடி, மலை வாழை. தாண்டிக்குடியில் பெருங்கற்கால மனிதர்கள் விட்டுச்சென்ற கல்திட்டைகள் உண்டு. மலைச் சாலையில் ஓட்டிப் பழக்கம் இல்லையென்றால் இந்த ரூட் வேண்டாம். இரவில் யாருமே முயற்சி செய்ய வேண்டாம்.

பெரும்பாறை பக்கத்தில் புல்லாவெளி அருவி இருக்கிறது. தூரத்தில் நின்று பார்ப்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். பாறை நுனியில் போட்டோ எடுக்கப் போய் வழுக்கி விழுந்து உயிர்விட்ட இளைஞர்கள் உண்டு. லைக்குக்காக அந்த ரிஸ்க் வேண்டவே வேண்டாம்.

இ-பாஸ் எடுத்தாச்சா?

சென்னை உயர் நீதிமன்ற உத்தரவுப்படி, 2024 மே 7 முதல் கொடைக்கானலுக்கும் ஊட்டிக்கும் வண்டியில் போக இ-பாஸ் தேவை. ஆன்லைனில் எடுக்கலாம், கட்டணம் கிடையாது. 2025 கோடை சீசனில் கொடைக்கானலுக்கு வார நாள்களில் 4,000, வார இறுதியில் 6,000 வண்டிகள் என்று வரம்பும் வைத்தார்கள். விதிகள் அவ்வப்போது மாறுவதால், கிளம்பும் முன் ஒருமுறை செக் பண்ணிக்கோங்க.

அரசுப் பேருந்தில் போகிறவர்களுக்கு இந்தத் தலைவலியே இல்லை. திண்டுக்கல், வத்தலக்குண்டிலிருந்து பஸ் இருக்கு. ஜன்னல் சீட் கிடைத்தால் கொண்டை ஊசி வளைவுகளை நீங்கள் ஓட்டாமலேயே ரசிக்கலாம். பார்க்கிங் தேடியும் அலைய வேண்டாம்.

இன்னொன்று, தண்ணீர் பாட்டில். 5 லிட்டருக்குக் குறைவான பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டில்களுக்கு அங்கே தடை. பிடிபட்டால் ஒவ்வொரு பாட்டிலுக்கும் 20 ரூபாய் பசுமை வரி கட்ட வேண்டியிருக்கும். வீட்டிலிருந்தே ஒரு ஸ்டீல் பாட்டில் எடுத்துட்டுப் போனா வேலை முடிஞ்சுது.

முதல் நாள்: ஊருக்குள்ளே

கொடைக்கானல் ஏரி இயற்கையாக உருவானதல்ல. மதுரை கலெக்டராக இருந்த வெரே லெவின்ஜ், 1863-ல் ஓடைகளைத் தடுத்து உருவாக்கியது. நட்சத்திர வடிவம், சுமார் 60 ஏக்கர். சுற்றிவர கிட்டத்தட்ட 5 கிலோமீட்டர். இதை ரசிக்க சரியான நேரம் காலை ஆறிலிருந்து எட்டு மணி. பனி தண்ணீர் மேலே நடந்துபோகும். நடக்கலாம், வாடகை சைக்கிள் எடுக்கலாம். பத்து மணிக்கு மேல் போனால் ஹாரன் சத்தம்தான் மிச்சம்.

அங்கிருந்து பிரையன்ட் பூங்கா நடக்கும் தூரம். மே மாதம் மலர்க் கண்காட்சி நடப்பது இங்கேதான். பக்கத்திலேயே கோக்கர்ஸ் வாக். 1872-ல் மலைச்சரிவின் விளிம்பில் போட்ட சுமார் ஒரு கிலோமீட்டர் நடைபாதை. மேகம் விலகினால் கீழே சமவெளி முழுக்கத் தெரியும். நீங்க காலையில் கிளம்பி வந்த வெயில் பூமி, மேலேயிருந்து பார்த்தா எவ்வளவு அழகா இருக்கு!

மதியம் சூரிய ஆய்வகம் பக்கம் போகலாம். 1899-ல் சென்னையிலிருந்து இங்கே கொண்டுவரப்பட்டது. சூரியப் புள்ளிகளில் வாயு வெளிநோக்கி ஓடுவதை 1909-ல் ஜான் எவர்ஷெட் கண்டுபிடித்தது இங்கேதான். உலகெங்கும் வானியல் மாணவர்கள் இன்றும் படிக்கும் 'எவர்ஷெட் விளைவு' நம்ம திண்டுக்கல் மாவட்டத்துச் சரக்கு!

குறிஞ்சி ஆண்டவர் கோயிலையும் பார்த்துவிடுங்கள். குறிஞ்சி 12 வருஷத்துக்கு ஒருமுறை பூக்கும். 2018-ல் பூத்தது, அடுத்தது 2030. இப்பவே காலண்டர்ல குறிச்சு வெச்சுக்கோங்க.

இரண்டாம் நாள்: ஊருக்கு வெளியே

'மஞ்ஞும்மல் பாய்ஸ்' வந்த பிறகு குணா குகைக்குக் கூட்டம் அதிகம். கம்பி வேலிக்கு இந்தப் பக்கம் நின்றுதான் பார்க்க முடியும். வேலி ஏன் போட்டார்கள் என்பதற்கு அந்தப் படமே பதில். பக்கத்திலேயே தூண் பாறை. சுமார் 400 அடி உயரப் பாறைகள், மேகம் மூடினால் ஒன்றும் தெரியாது. அதனால் காலையிலேயே போய்விடுங்கள்.

பிறகு பூம்பாறைக்கு வண்டியைத் திருப்புங்கள். அடுக்கடுக்கான வயல்கள், நடுவே கிராமம், குழந்தை வேலப்பர் கோயில். புவிசார் குறியீடு வாங்கிய கொடைக்கானல் மலைப்பூண்டு இந்தப் பக்கத்து விளைச்சல்தான். சாக்லேட்டோடு இதையும் கால் கிலோ வாங்கினால் அம்மா சந்தோஷப்படுவார். பணமும் நேராக விவசாயி கைக்குப் போகும்.

பேரிஜம் ஏரிக்குப் போக வனத்துறை அனுமதி வேண்டும். ஒரு நாளைக்கு இத்தனை வண்டிகள்தான் என்று கணக்கு உண்டு. படகு கிடையாது, குளியல் கிடையாது. "அப்புறம் எதுக்கு போகணும்?"னு கேட்கிறீங்களா? அந்த அமைதிக்குத்தான். இதுவும் ஒரு குடிநீர் ஏரி. பெரியகுளம் பக்கம் இந்தத் தண்ணீரை நம்பித்தான் இருக்கிறது.

மேலே போட்டது கீழே வரும்

பழநி மலையின் சோலைக்காடும் புல்வெளியும் ஸ்பாஞ்ச் மாதிரி. மழைநீரை உறிஞ்சி வைத்து, வெயில் காலத்திலும் கொஞ்சம் கொஞ்சமாக ஓடையில் விடும். அந்த ஓடைகள்தான் அடிவாரத்து அணைகளை நிரப்புகின்றன. காடு சுருங்கினால் மழை பெய்த அன்றைக்கு வெள்ளம், அடுத்த மாதமே வறட்சி.

அலட்சியத்தின் விலை என்ன என்பதும் கொடைக்கானலுக்குத் தெரியும். அங்கிருந்த தெர்மாமீட்டர் தொழிற்சாலை, பாதரசக் கழிவுப் பிரச்னையால் 2001-ல் மூடப்பட்டது. மண்ணைச் சுத்தம் செய்யும் பேச்சும் வேலையும் அதற்குப் பிறகு இருபது வருஷத்துக்கும் மேலாகத் தொடர்ந்தன. கலக்குவதற்குக் கொஞ்ச காலம் போதும், சுத்தம் செய்யத் தலைமுறையே ஆகிறது.

உங்க சிப்ஸ் பாக்கெட் பாதரசம் இல்லைதான். ஆனா சீசனில் ஒரே நாளில் ஆயிரக்கணக்கான வண்டிகள் ஏறுது. வண்டிக்கு ரெண்டு பாக்கெட்னு கணக்கு போட்டுப் பாருங்க. அதனால் காரில் ஒரு குப்பைப் பை வெச்சுக்கோங்க. நிரம்பினதைக் கட்டி, ஊருக்குத் திரும்பிக் கொண்டுவாங்க.

இறங்கும்போது முடிந்தால் மறுபடியும் ஆத்தூரில் வண்டியை நிறுத்துங்கள். சாயங்கால வெயிலில் அதே ஏரி, அதே மலை. ஆனால், ரெண்டு நாளைக்கு முன்னால் பார்த்தபோது அது வெறும் வியூ பாயின்ட். இப்போது அந்தத் தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று உங்களுக்குத் தெரியும்.

ஹேப்பி டிரிப், மக்களே!