3 டீ விலை 151515 ரூபாயா? கோடிங்கில் மாட்டிக்கொண்டால் உதவி கேட்பது எப்படி?

ஒரு டீ 15 ரூபாய் என்றால் 3 டீ எவ்வளவு? 45 ரூபாய். இதைக் கணக்குப் போட்டுச் சொல்ல பைத்தான் மொழியில் மூன்றே வரியில் புரோகிராம் எழுதிவிடலாம். ஆனால் புதிதாகக் கற்பவர் எழுதினால், திரையில் 151515 என்று விடை வர நிறைய வாய்ப்பு இருக்கிறது. எரர் எதுவும் காட்டாது. புரோகிராம் சமர்த்தாக ஓடி முடிந்திருக்கும். விடை மட்டும் தப்பு.

காரணம் சின்னதுதான். கீபோர்டில் நாம் தட்டும் எதையும் பைத்தானின் ‘இன்புட்’ எழுத்தாகவே வாங்கிக்கொள்ளும். 15 என்று தட்டினாலும் அதற்கு அது எண் அல்ல, 1, 5 என்ற இரண்டு எழுத்துகள். எழுத்தை 3 ஆல் பெருக்கச் சொன்னால், பைத்தான் அதையே மூன்று முறை பக்கத்தில் பக்கத்தில் ஒட்டிவிடும். ‘இன்ட்’ என்ற ஒரே சொல்லைச் சேர்த்து எண்ணாக மாற்றினால் 45 வந்துவிடும்.

அட, இவ்வளவுதானா! தெரிந்தவருக்கு இவ்வளவுதான். தெரியாதவருக்கு ஒரு ராத்திரியே போய்விடும். ‘நமக்கெல்லாம் கோடிங் வராதுப்பா’ என்று பலர் லேப்டாப்பை மூடுவது இப்படிப்பட்ட இடத்தில்தான். புத்திசாலித்தனம் போதவில்லை என்று அவர்கள் நினைத்துக்கொள்கிறார்கள். உண்மையில் அவர்களுக்கு யாரும் சொல்லித்தராத திறமை வேறு: மாட்டிக்கொண்டால் என்ன பார்ப்பது, யாரிடம் எப்படிக் கேட்பது?

எரர் என்பது திட்டு அல்ல

அதே டீ கணக்கில் விலையோடு டீயின் எண்ணிக்கையையும் ‘இன்புட்’ வழியாக வாங்கினால் கதை மாறும். இரண்டுமே எழுத்து என்பதால் பைத்தானுக்குப் பெருக்கத் தெரியாது. சிவப்பில் நாலைந்து வரி வந்து விழும். பார்த்ததும் பதற்றம்தான். ஆனால் இது முதல் சிக்கலைவிட நல்ல சிக்கல். ஏனென்றால் இங்கே கம்ப்யூட்டரே எங்கே தப்பு என்று சொல்கிறது.

பைத்தான் எரரைக் கீழிருந்து மேலே படிக்க வேண்டும். கடைசி வரியில் என்ன தப்பு என்று இருக்கும். அதற்குச் சற்று மேலே எந்த வரியில் என்று இருக்கும். ‘டைப் எரர்’ என்றால் வகை பொருந்தவில்லை. ‘நேம் எரர்’ என்றால் அப்படி ஒரு பெயரை பைத்தானுக்குத் தெரியாது, பெரும்பாலும் ஸ்பெல்லிங் தப்பு. ‘இன்டென்டேஷன் எரர்’ என்றால் வரியின் தொடக்கத்தில் விட்ட இடைவெளி சரியில்லை. தமிழ் வழியில் படித்தவர்களுக்கு ஆங்கிலம் இரண்டாவது சுவராகத் தெரியலாம். ஆனால் திரும்பத் திரும்ப வருவது பத்துப் பன்னிரண்டு சொற்கள்தான். ஒரு தாளில் எழுதி ஒட்டிக்கொண்டால் சீக்கிரமே பழகிவிடும்.

பைத்தானும் மாறியிருக்கிறது. முன்பெல்லாம் அடைப்புக்குறியை மூட மறந்தால், தப்பே இல்லாத அடுத்த வரியைக் காட்டிக் குழப்பும். 2021 அக்டோபரில் வந்த 3.10 பதிப்பிலிருந்து, மூடாமல் விட்ட அடைப்புக்குறி எது என்றே சொல்லிவிடுகிறது. 2022 அக்டோபரில் வந்த 3.11 பதிப்பு, ஓடும்போது வரும் எரர்களில், வரிக்குள் எந்தப் பகுதியில் சிக்கல் என்று அடியில் குறி போட்டும் காட்டுகிறது.

‘ப்ரோ, ஓடல’ என்றால் யாருக்குப் புரியும்?

படித்தும் புரியவில்லையா? கேட்கலாம். சீனியர், நண்பர், ஆன்லைன் தளம், ஏஐ என யாரிடம் கேட்டாலும் கேள்வியில் மூன்று விஷயம் இருந்தே ஆக வேண்டும். என்ன வர வேண்டும் என்று நினைத்தீர்கள்? என்ன எழுதினீர்கள்? உண்மையில் என்ன வந்தது?

‘ப்ரோ, கோடு ஓடல, என்னன்னு பாருங்களேன்’ என்று ஒரு செய்தி. கூடவே மொபைலில் சாய்வாக எடுத்த திரையின் போட்டோ. இதைப் பார்ப்பவர் முதலில் பத்து கேள்வி திருப்பிக் கேட்க வேண்டும். ‘விலை 15, எண்ணிக்கை 3 கொடுத்தால் 45 வரணும். 151515 வருது. இதுதான் அந்த மூணு வரி கோடு’ என்று கோடை எழுத்தாகவே ஒட்டி அனுப்பினால், தெரிந்தவர் அதைத் தன் கம்ப்யூட்டரில் ஓட்டிப் பார்த்து ஒரு நிமிடத்தில் பதில் சொல்லிவிடுவார்.

ஜெஃப் அட்வுட், ஜோயல் ஸ்போல்ஸ்கி இருவரும் 2008-ல் தொடங்கிய ஸ்டாக் ஓவர்ஃப்ளோ தளம் கேட்பவர்களிடம் எதிர்பார்ப்பதும் இதைத்தான்: சிக்கலைக் காட்டும் மிகச் சிறிய கோடு, அதை யார் ஓட்டினாலும் அதே சிக்கல் வர வேண்டும். 200 வரி புரோகிராமில் சிக்கலுக்குச் சம்பந்தமில்லாததை எல்லாம் நீக்கி 5 வரிக்குக் கொண்டுவர வேண்டும். இதில் ஒரு ரகசியம் இருக்கிறது. சுருக்கிக்கொண்டே வரும்போது பல முறை தப்பு தானாகவே கண்ணில் பட்டுவிடும். கேள்வியை அனுப்பவே தேவை இருக்காது.

சரியான பதில், தப்பான கேள்வி

151515-ஐப் பார்த்த ஒருவர் இப்படியும் கேட்கலாம்: ‘இதை இரண்டிரண்டு இலக்கமாகப் பிரித்துக் கூட்டுவது எப்படி?’ யாராவது அதற்கு வழி சொல்லிவிடுவார்கள். 15, 15, 15 என்று பிரித்துக் கூட்டினால் 45. வேலை முடிந்தது போலத்தான் தெரியும். நாளைக்கு 8 ரூபாய் பிஸ்கட் 3 வாங்கினால் 888 வரும். இரண்டிரண்டாகப் பிரித்துக் கூட்டினால் 88 + 8, அதாவது 96. சரியான விடை 24.

புரோகிராமர்கள் இதை ‘எக்ஸ் ஒய் சிக்கல்’ என்பார்கள். உண்மையான சிக்கல் ஒன்று இருக்க, அதற்கு நாமாக நினைத்துக்கொண்ட தீர்வைப் பற்றியே கேட்பது. அதனால் எப்போதும் முதல் நோக்கத்தைச் சொல்லிவிட்டுக் கேட்க வேண்டும். ‘டீ விலையைக் கணக்குப் போடணும்’ என்ற ஒரு வரி இருந்தால் போதும், பதில் சொல்பவர் சரியான இடத்துக்குக் கூட்டிப்போவார்.

வாத்திடம் சொல்லிப் பாருங்கள்

கேட்க ஆளே இல்லையா? ஆண்ட்ரூ ஹன்ட், டேவிட் தாமஸ் எழுதி 1999-ல் வந்த ‘தி பிராக்மேட்டிக் புரோகிராமர்’ புத்தகம் ஒரு வேடிக்கையான பழக்கத்தைப் பிரபலமாக்கியது. மேசையில் ஒரு ரப்பர் வாத்து பொம்மையை வைத்து, அதற்குக் கோடை வரி வரியாக விளக்குவது. வாத்துதான் வேண்டும் என்றில்லை, மேசையில் இருக்கும் பிள்ளையார் பொம்மையும் கேட்டுக்கொள்ளும். ‘இந்த வரியில விலை எண்ணா வருது’ என்று வாய்விட்டுச் சொல்லும்போதே ‘எண்ணாத்தான் வருதா?’ என்ற சந்தேகம் வந்துவிடும். மனதுக்குள் படிக்கும்போது தாண்டிப் போகும் இடத்தில், சொல்லும்போது நின்றுவிடுவோம்.

ஏஐயிடம் கேட்டால் தப்பா?

2022 நவம்பர் 30 அன்று சாட்ஜிபிடி வந்த பிறகு, கேட்பது ரொம்பச் சுலபமாகிவிட்டது. நள்ளிரவிலும் பதில் வரும், சலித்துக்கொள்ளாது, தமிழிலும் விளக்கும். கேள்வி கேட்கவே கூச்சப்படுகிறவர்களுக்கு இது பெரிய உதவி. ஆனால் அது சொல்வதெல்லாம் சரி என்று இல்லை. பார்க்கச் சரி போலத் தெரிந்தாலும் தப்பான பதில்கள் குவிகின்றன என்று சொல்லி, அடுத்த மாதமே ஸ்டாக் ஓவர்ஃப்ளோ அப்படிப்பட்ட பதில்களுக்குத் தற்காலிகத் தடை போட்டது.

கற்பவருக்கு அதைவிடப் பெரிய சிக்கல், பதில் சரியாக இருக்கும்போது வருகிறது. காப்பி பண்ணி ஒட்டியதும் ஓடிவிடும். அசைன்மென்ட் முடிந்துவிடும். இன்டர்வியூவில் ‘இந்த வரி எதுக்கு?’ என்று கேட்டால்தான் தெரியும், கற்றது எதுவும் இல்லை என்று.

ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் புகழ்பெற்ற தொடக்கநிலைப் பாடமான சிஎஸ்50, 2023-ல் தன் மாணவர்களுக்கென்றே ஒரு ஏஐ உதவியாளரைக் கொண்டுவந்தது. அதன் உருவம் அதே வாத்துதான். விடையை நேரடியாகத் தந்துவிடாமல், மாணவரே கண்டுபிடிக்கும்படி வழிகாட்டுவதுதான் அதன் வேலை.

சாதாரண ஏஐ செயலியையும் அப்படிப் பயன்படுத்தலாம். ‘விடை வேண்டாம், எந்த வரியைப் பார்க்கணும்னு மட்டும் சொல்’ என்று கேளுங்கள். முழுக் கோடு கிடைத்துவிட்டால், அதை மூடிவைத்துவிட்டு நீங்களே ஒருமுறை எழுதுங்கள். பிறகு ஏதாவது ஒன்றை மாற்றி, ஓட்டுவதற்கு முன்பே என்ன விடை வரும் என்று சொல்லிப் பாருங்கள். நீங்கள் சொன்னதே வந்தால் புரிந்துவிட்டது என்று அர்த்தம். வேலையில் இருப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: பாஸ்வேர்டு, வாடிக்கையாளர் விவரம், அலுவலகக் கோடு ஆகியவற்றை அனுமதி இல்லாமல் எந்தச் செயலியிலும் ஒட்டக் கூடாது.

எவ்வளவு நேரம் முட்டிப் பார்க்கலாம்?

மாட்டிய அடுத்த நொடியே கேட்டால் கற்க முடியாது. கூச்சப்பட்டு ராத்திரி முழுக்கத் தனியாக உட்கார்ந்தால் வெறுத்துவிடும். அரை மணி நேரம் என்று ஒரு கணக்கு வைத்துக்கொள்ளலாம். அதற்குள் எரரைப் படித்து, கோடைச் சுருக்கி, வாத்திடமும் சொல்லிப் பார்த்தாகிவிடும். அதன் பிறகும் தீரவில்லை என்றால் தயங்காமல் கேளுங்கள். அனுபவமுள்ள புரோகிராமர்களும் தினமும் யாரிடமாவது எதையாவது கேட்டுக்கொண்டேதான் வேலை பார்க்கிறார்கள்.

பதில் கிடைத்ததும் ஒரு வேலை பாக்கி இருக்கிறது. என்ன சிக்கல், ஏன் வந்தது, எப்படித் தீர்ந்தது என்று மூன்று வரி எழுதி வையுங்கள். உதவியவருக்கும் ‘இதுதான் ப்ரோ காரணம், சரியாயிடுச்சு’ என்று சொல்லிவிடுங்கள். அடுத்த முறை நீங்கள் கேட்கும்போது அவரே முதலில் வந்து நிற்பார்.