பரணில் ஒரு சத்தம்

2020 ஊரடங்குக் காலம். இங்கிலாந்தில் ராப் சாவேஜ் என்ற இளம் இயக்குநர், நண்பர்களோடு ஜூமில் பேசிக்கொண்டிருந்தார். "பரணில் ஏதோ சத்தம் கேட்கிறது, பார்த்துவிட்டு வருகிறேன்" என்று கேமராவோடு ஏறினார். இருட்டுக்குள்ளிருந்து திடீரென ஓர் உருவம் பாய, ஆள் பொத்தென்று விழுந்தார். நண்பர்கள் அலறிவிட்டார்கள். விஷயம் என்னவென்றால், அந்த உருவம் 'ரெக்' என்ற ஸ்பானியப் பேய்ப்படத்திலிருந்து எடுத்து ஒட்டிய துண்டு!

இந்தக் குறும்பு இணையத்தில் பரவ, அதிலிருந்தே பிறந்தது 'ஹோஸ்ட்' திரைப்படம். ஜூமிலேயே ஆவியை அழைத்துப் பார்க்கும் தோழர்களின் கதை. யோசனை தோன்றியதிலிருந்து படம் கைக்கு வரப் பன்னிரண்டே வாரம். நடிகர்கள் அவரவர் வீட்டில் தாங்களே விளக்கு வைத்து, கேமராவைப் பொருத்தி நடித்தார்கள். இயக்குநரும் ஜூமில் இருந்தபடியேதான் இயக்கினார்.

பேயைக் காட்ட என்ன செய்தார்கள் தெரியுமா? ஒரு பெண் தரையில் மாவைத் தூவுகிறாள். ஆளே இல்லாத இடத்தில், மாவின் மேல் காலடி பதிகிறது. அவ்வளவுதான். கோடி கொட்டிய கிராஃபிக்ஸ் பேய்களைவிட எனக்கு அந்த மாவுதான் பயம் தந்தது.

படம் ஒரு மணி நேரம்கூட ஓடாது. பெயர்ப் பட்டியலும் ஜூம் திரையிலேயே, அழைப்பில் இருப்பவர்களின் பட்டியல்போல வந்து போகும்.