யானைக்குப் பக்கத்துல ஒரு பூனை... பார்த்தீங்களா பாஸ்?

நாளைக்கு இன்டர்னல் எக்ஸாம். மணி ராத்திரி 12. நீங்களோ ஒரு பாழடைந்த பங்களாவின் சமையலறைக்குள் சாவி, குடை, வாத்து பொம்மை, கத்தரிக்கோல் என்று தேடிக்கொண்டிருக்கிறீர்கள். 11 பொருள் கிடைச்சாச்சு. 12-வது மட்டும் கண்ணுல சிக்கவே மாட்டேங்குது. 'இதை மட்டும் முடிச்சிட்டு புக்கை எடுத்துடுறேன்'னு உங்களுக்கு நீங்களே சத்தியம் பண்றீங்க. கரெக்டா?

ஹிட்டன் ஆப்ஜெக்ட் கேம் செய்யும் வேலை இது! நம்ம வார இதழ்களில் வரும் 'ஆறு வித்தியாசங்கள்' படத்துக்கு இது ஒன்றுவிட்ட தம்பி. 1987-ல் மார்ட்டின் ஹேண்ட்ஃபோர்டு வரைந்த 'வேர்ஸ் வாலி' புத்தகத்தில், பெருங்கூட்டத்துக்குள் சிவப்பு வெள்ளைக் கோடு பனியன் போட்ட ஒரே ஒரு ஆசாமியைத் தேடி உலகமே கண் வலித்தது. 2005-ல் பிக் ஃபிஷ் நிறுவனத்தின் 'மிஸ்டரி கேஸ் ஃபைல்ஸ்' அதே தேடலைக் கம்ப்யூட்டரில் ஒரு துப்பறியும் கதையாக்கியது. 2012-ல் 'கிரிமினல் கேஸ்' ஃபேஸ்புக்குக்கு வந்தது. 2017-ல் 'ஜூன்ஸ் ஜர்னி' மொபைலுக்கு வந்தது.

எல்லாமே தேடுற கேம்தான். ஆனா ஒண்ணு விடிய விடிய இழுத்துப் பிடிக்குது, இன்னொண்ணு பத்தே நிமிஷத்துல கடுப்பேத்துது. ஏன்? பதில் நம்ம ஈ.சி.ஆர். ரோட்டுலயே இருக்கு.

கல்லுல ஒரு கேம்!

மாமல்லபுரம் அர்ச்சுனன் தபசு பாறையை ஸ்கூல் டூர்லயே பார்த்திருப்பீங்க. 7-ம் நூற்றாண்டு பல்லவர் காலத்துச் சிற்பம். தேவர்கள், நாகர்கள், முனிவர்கள், யானைக்கூட்டம்னு பாறை முழுக்க ஜே ஜேன்னு கூட்டம். இடது பக்கம் மேலே, எலும்பும் தோலுமாக ஒருவர் ஒற்றைக் காலில் நின்று, கைகளைத் தலைக்கு மேலே தூக்கித் தவம் செய்கிறார்.

இப்போ கீழே வாங்க. பெரிய யானைக்குப் பக்கத்தில், பின்னங்கால்களில் நின்று, முன்னங்கால்களைத் தலைக்கு மேலே தூக்கிக்கொண்டு... ஒரு பூனை! சுத்திலும் எலிகள். மேலே இருப்பவரின் அதே போஸ்!

பூனையை யாரும் மறைச்சு வைக்கல. பட்டப்பகல்ல, கண்ணுக்கு எட்டுற உயரத்துல நிக்குது. பெரிய யானையைப் பார்த்த கண், சின்னப் பூனையைத் தாண்டிப் போயிடுது, அவ்வளவுதான். கண்டுபிடிச்ச அடுத்த செகண்ட் 'அட, இங்கேயேதான் இருந்துச்சா!'ங்கிற சந்தோஷம். அதுக்கும் அடுத்த செகண்ட், 'இது நிஜத் தவமா, எலி பிடிக்கிற தவமா?'ன்னு ஒரு சிரிப்பு. அந்தப் பூனையால மொத்தப் பாறையையும் மறுபடி ஒரு ரவுண்டு பார்க்கத் தோணுது. நல்ல ஹிட்டன் ஆப்ஜெக்ட் கேமுக்கு இதைவிட வேற இலக்கணம் வேணாம்.

கடுப்பேத்துறது எது?

முதல் வில்லன், சீட்டிங். கறுப்புச் சுவரில் கறுப்புச் சாவியை மங்கலாக்கி ஒட்டுவது, யானை சைஸ் எறும்பு, எறும்பு சைஸ் யானை வைப்பது... இதெல்லாம் தேடல் இல்லை, கண்கட்டு.

கண்ணு எப்படித் தேடுதுன்னு ஆன் ட்ரீஸ்மன் என்ற உளவியல் அறிஞர் 1980-லேயே ஒரு கோட்பாடு சொன்னார். நிறம் மாதிரி ஒரே ஒரு விஷயம் வேறுபட்டால், பொருள் தானாகத் துள்ளிக்கிட்டு வரும். ரெண்டு மூணு அம்சம் கலந்து அக்கம்பக்கத்தோடு ஒத்துப்போனால், ஒவ்வொண்ணா கவனிச்சுத்தான் பிடிக்கணும். மரக்காணம் உப்பளத்தில் ஒரு சிவப்புச் சட்டையைக் கண்டுபிடிப்பது ஈஸி. உப்புக் குவியல்களுக்கு நடுவில் அசையாமல் நிற்கும் வெள்ளைக் கொக்கைக் கண்டுபிடிப்பது? அங்கேதான் கேமே இருக்கு!

ரெண்டாவது வில்லன், குப்பைத்தொட்டி. எகிப்துக் கல்லறைக்குள் ஹாக்கி மட்டை எதுக்குங்க? பொருளுக்கும் இடத்துக்கும் சம்பந்தமே இல்லைன்னா, கண்டுபிடிச்சாலும் ஒண்ணும் கிடைக்காது. லிஸ்ட்ல ஒரு டிக், அவ்வளவுதான்.

மூணாவது வில்லன், கல்லாப்பெட்டி. எனர்ஜி தீர்ந்துடுச்சு, காத்திரு, இல்லேன்னா காசு எடு! அதே சீனையே திரும்பத் திரும்ப ஆடு! அஞ்சாவது தடவை கண்ணு தேடறதில்லை மாப்ளே, ஞாபகம்தான் தேடுது. இங்கே விற்பனையாகிறது உங்க பொறுமை.

மறுபக்கம், 2017-ல் வந்த 'ஹிட்டன் ஃபோக்ஸ்' கேமைப் பாருங்க. கையால் வரைந்த கறுப்பு வெள்ளைப் படம். டைமர் கிடையாது. சத்தங்கள் அத்தனையும் வாயாலேயே எழுப்பியவை! செடியைத் தொட்டால் விலகும், கூடாரத்தைத் தொட்டால் திறக்கும். தேடுகிற ஒவ்வொருத்தரைப் பற்றியும் ஒரு வரி க்ளூ. படம் முழுக்க நின்னு நிதானமா வேடிக்கை பார்க்க வைக்குது.

இரும்பையில ஒரு லெவல்!

சரி, கம்ப்யூட்டர் சயின்ஸ், விஸ்காம் பார்ட்டிகளே... நாமே ஒரு லெவல் போடுவோமா? ஆரோவில் பக்கத்தில் இருக்கும் இரும்பைக்கு வாங்க. திருஞானசம்பந்தர் பாடிய மாகாளேஸ்வரர் கோயில் ஊர். திருவிழாவில் ஆடிக்கொண்டிருந்தவளின் கால் சிலம்பு கழன்று விழுந்ததாம். கடுவெளிச் சித்தர் அதை எடுத்து மாட்டிவிட்டார். ஊரே கேலி பேசியது. சித்தர் கோபத்தில் பாட, லிங்கமே மூன்றாக உடைந்தது என்கிறது தலபுராணம்.

இதில் திருவிழாக் கூட்டம்தான் சீன். தேட வேண்டியது ஒரே ஒரு சிலம்பு. மோசமான டிசைனர் தூணோடு தூணாக அதை மங்க வைப்பார். கூடவே ஒரு பனிமனிதனையும் பூசணிக்காயையும் வீசுவார். நல்ல டிசைனர்? கூட்டம் மொத்தமும் ஆடுகிறவளின் முகத்தைப் பார்க்கும். சித்தர் மட்டும் கீழே பார்ப்பார். அவர் பார்வை போற வழியில போனா... சிலம்பு! பொருளும் கிடைச்சாச்சு, கதையும் கிடைச்சாச்சு.

தமிழே உங்களுக்கு க்ளூ கொடுக்கும். லிஸ்ட்ல 'படி'ன்னு போடுங்க. ஏறுற படியா, அரிசி அளக்கிற படியான்னு ஆடுறவங்க மண்டையைப் பிய்ச்சுக்கட்டும்!

ஆகவே நண்பர்களே, அடுத்த கேமை டவுன்லோடு பண்ணினா, முதல் சீன்லயே ஒரு கேள்வி கேளுங்க: 'கண்டுபிடிச்ச பிறகு எனக்கு என்ன தெரிஞ்சது?' பதில் இல்லையா, அப்பவே அன்இன்ஸ்டால். உங்க கண்ணுக்கு வேற வேலை இருக்கு.

மாமல்லபுரம் போனா அந்தப் பூனையை நீங்களே தேடுங்க. கைடைக் கேட்டுடாதீங்க... அது ஹின்ட் பட்டன்!