உஷார்! குத்துகிற சஸ்பென்ஷனில் ஸ்பேனரை வைக்கும் முன்...

மோட்டோகிராஸ் பைக்கின் பின் ஷாக் அப்சார்பருக்குள் ஏறக்குறைய 10 பார் அழுத்தத்தில் நைட்ரஜன் வாயு அடைபட்டுக் கிடக்கிறது. கார் டயரில் இருக்கும் அழுத்தத்தைப் போல நான்கு மடங்கு. அதைச் சுற்றி, நெரித்து வைக்கப்பட்ட தடித்த ஸ்பிரிங். 'வண்டி கட்டையா இருக்கு, தூக்கித் தூக்கி அடிக்குது' என்று சொல்லிக்கொண்டு, வீட்டுக் கராஜில் உட்கார்ந்து கையில் கிடைத்த ஸ்பேனரை அதில் வைக்கிறவர்களுக்கு இது தெரிவதில்லை. தவறான நட்டு ஒன்று கழன்றால் சூடான எண்ணெயும் உலோகத் துண்டும் முகத்தை நோக்கித்தான் பாயும்.

இத்தாலியின் சிசிலித் தீவில் இருக்கும் பலெர்மோவை மனதில் வைத்தே இதை எழுதுகிறேன். 1980களிலிருந்து இலங்கைத் தமிழர்கள் வந்து வேரூன்றிய ஊர் அது. பல்லாரோ சந்தைப் பக்கம் நடந்தால் தமிழ் காதில் விழும். மோந்தே பெல்லெக்ரினோ மலையில் இருக்கும் புனித ரோசாலியா திருத்தலத்துக்கு நம்மவர்கள் வேண்டுதலோடு ஏறிப் போகிறார்கள். அதே சிசிலித் தீவின் வடகரையில், பாத்தி என்ற சிற்றூரில் 1985இல் பிறந்தவர் அந்தோனியோ கைரோலி. 222 என்ற எண்ணோடு ஓடி, ஒன்பது முறை மோட்டோகிராஸ் உலக சாம்பியன் ஆனவர். அப்படியொரு வீரரைத் தந்த மண்ணில் வளரும் பிள்ளைக்கு இந்த விளையாட்டின் மீது ஆசை வந்தால் அதில் வியப்பு இல்லை. ஆனால் முதல் வண்டி பெரும்பாலும் செகண்ட் ஹேண்டாகத்தான் வரும். முன்பு ஓட்டியவரின் எடை என்ன, எந்த ஸ்பிரிங் போட்டிருந்தார், கடைசியாக எப்போது ஆயில் மாற்றினார், எதுவும் தெரியாது. முதல் நாளே கை மரத்துப்போகும், முதுகு வலிக்கும். உடனே 'லூஸ் பண்ணிவிடு' என்று யாராவது யோசனை சொல்வார்கள். ஆபத்து அங்கே தொடங்குகிறது.

குத்துகிறது என்றால் இறுக்கம் என்று அர்த்தம் இல்லை

முதலில் மனதில் பதிய வேண்டியது இதுதான். மோட்டோகிராஸ் பைக்கின் சக்கரம் முன்னும் பின்னும் சுமார் 300 மில்லிமீட்டர் மேலே கீழே போய்வர இடம் உண்டு. பின் சக்கரத்தை ஷாக்கோடு இணைக்கும் லிங்கேஜின் அமைப்பு, அமுங்க அமுங்க எதிர்ப்பு கூடுகிற மாதிரி செய்யப்பட்டது. ஓட்டுபவரின் எடைக்கு ஸ்பிரிங் தளர்வாக இருந்தால் வண்டி எப்போதும் பாதிக்குக் கீழே அமுங்கியே ஓடும். எதிர்ப்பு அதிகமான பகுதியிலேயே ஒவ்வொரு மேட்டையும் சந்திக்கும். ஓட்டுபவருக்கு அது 'கட்டை' என்று தோன்றும். உண்மையில் ஸ்பிரிங் மென்மையானது.

ரீபவுண்டும் இப்படித்தான் ஏமாற்றும். அமுங்கிய ஷாக் மறுபடி நீள்வதைக் கட்டுப்படுத்துவது ரீபவுண்ட். அது அளவுக்கு மீறி மெதுவாக இருந்தால், முதல் மேட்டில் அமுங்கியது நீண்டு முடிவதற்குள் இரண்டாவது மேடு வந்துவிடும், பிறகு மூன்றாவது. நான்காவது மேட்டுக்குள் சஸ்பென்ஷன் அடிவரை சுருங்கி, வெறும் இரும்புத்தடியாக நிற்கும். இப்படிப்பட்ட வண்டியில் போய், அமுங்குவதைக் கட்டுப்படுத்தும் கம்ப்ரெஷனை இன்னும் லூஸ் செய்தால் என்ன ஆகும்? உயரத் தாவி இறங்கும்போது சஸ்பென்ஷன் அடியில் இடிக்கும். அந்த அடி மணிக்கட்டுக்கும் கணுக்காலுக்கும் முதுகெலும்புக்கும் நேராகப் போகும்.

அதனால் நோயைக் கண்டுபிடிக்காமல் மருந்து கொடுக்காதீர்கள். எங்கே குத்துகிறது என்று கவனியுங்கள். சின்னச் சின்னக் கல்லிலேயே கை நடுங்கினால் உராய்வு, காற்றழுத்தம், டயர் பக்கம் பாருங்கள். வரிசையான மேடுகளில் போகப்போக மோசமானால் ரீபவுண்டைச் சந்தேகியுங்கள். தாவி இறங்கும்போது மட்டும் 'டங்' என்று இடித்தால் ஸ்பிரிங்கும் ஃபோர்க் ஆயிலின் அளவும் விசாரணைக்கு வர வேண்டும்.

ஒரு டேப் போதும், முதலில் அளந்து பாருங்கள்

வண்டி தன் எடையிலும் ஓட்டுபவரின் எடையிலும் எவ்வளவு அமுங்குகிறது என்பதற்கு 'சேக்' என்று பெயர். இதை அளக்காமல் வேறு எதையும் தொடக்கூடாது.

பைக்கை ஸ்டாண்டில் ஏற்றி, பின் சக்கரம் தரையில் படாமல் தொங்கவிடுங்கள். ஆக்சிலிலிருந்து நேர் மேலே பின் மட்கார்டில் ஒரு புள்ளி குறித்து, இடைவெளியை அளந்து எழுதுங்கள். பிறகு வண்டியைத் தரையில் நேராக நிறுத்தி அதே இடைவெளியை அளக்க வேண்டும். கடைசியாக, ஹெல்மெட், பூட்ஸ், கவசம் எல்லாம் அணிந்து ஓட்டுபவர் ஏறிய நிலையில் ஒரு முறை. முதல் அளவிலிருந்து மூன்றாவதைக் கழித்தால் வருவது ஓட்டுபவர் சேக். முழு அளவு பைக்குகளில் இது 100 முதல் 105 மில்லிமீட்டருக்குப் பக்கத்தில் இருக்க வேண்டும். முதல் அளவிலிருந்து இரண்டாவதைக் கழித்தால் வருவது வண்டியின் சொந்தச் சேக். அது 35 மில்லிமீட்டரை ஒட்டி இருப்பது நல்லது.

பலரும் தலைகீழாகப் புரிந்துகொள்கிற இடம் ஒன்று இங்கே உண்டு. ஸ்பிரிங்கை நெரிக்கும் பிரீலோட் வளையத்தைத் திருப்பி ஓட்டுபவர் சேக்கை 105க்குக் கொண்டுவந்த பிறகு, சொந்தச் சேக் 25க்கும் கீழே போய்விட்டால் உங்கள் ஸ்பிரிங் தளர்வானது. தளர்ந்த ஸ்பிரிங்கை அந்த வளையத்தால் நெரித்து நெரித்துத்தான் அந்த 105ஐப் பிடித்திருக்கிறீர்கள். சொந்தச் சேக் 45ஐத் தாண்டினால் ஸ்பிரிங் உங்கள் எடைக்கு அதிக வலிமை. கேடிஎம்மின் 250 முதல் 450 வரையிலான எஸ்எக்ஸ்-எஃப் வகைகளின் கையேட்டில், கம்பெனி ஸ்பிரிங் 75 முதல் 85 கிலோ எடையுள்ளவருக்கு என்றே போட்டிருக்கிறது. 60 கிலோ பையனும் 95 கிலோ ஆளும் அதே ஸ்பிரிங்கில் ஓடினால், கம்ப்ரெஷனையும் ரீபவுண்டையும் கூட்டிக் குறைக்கும் எந்தக் கிளிக்கர் ஸ்க்ரூவும் அவர்களைக் காப்பாற்றாது.

கிளிக்கருக்கு முன்னால் பார்க்க வேண்டியவை

காசில்லாமல் சரியாகிற காரணங்கள் பல இருக்கின்றன. டயர் காற்று முதலாவது. மோட்டோகிராஸில் 12 முதல் 14 பிஎஸ்ஐ தான் வழக்கம். சாலை வண்டிக்கு அடிப்பதுபோல் 28 அடித்துவிட்டு ஷாக்கைக் குறை சொல்லிப் பயனில்லை. அடுத்து செயின். மிக இறுக்கமான செயின், ஸ்விங் ஆர்ம் அசைவதையே தடுக்கும், கியர்பாக்ஸ் பேரிங்கையும் தின்றுவிடும்.

லிங்கேஜ் பேரிங்குகளைக் கழற்றிப் பார்க்காமல் செகண்ட் ஹேண்ட் வண்டியை நம்பாதீர்கள். பிரஷர் வாஷர் நீரைப் பாய்ச்சிக் கழுவிக் கழுவி, கிரீஸ் போய், துருப்பிடித்து, ஊசிகள் ஒட்டிக்கொண்டு நிற்கும். ஷாக் புதிதாக இருந்தாலும் பின்பக்கம் கட்டையாகவே இருக்கும்.

முன்பக்கத்தில் இரண்டு தவறுகள் சகஜம். ஃபோர்க் குழாயைப் பிடிக்கும் கீழ்க் கிளாம்ப் போல்ட்டுகளை பலத்தைக் காட்டி இறுக்குவது ஒன்று. பல வண்டிகளில் அதற்கு 20 நியூட்டன் மீட்டரை ஒட்டியோ அதற்கும் குறைவாகவோதான் வேண்டும். மீறினால் குழாய் நசுங்கி, உள்ளே வழுக்காது. டார்க் ரெஞ்சும் கையேடும் இல்லாமல் அந்தப் போல்ட்டைத் தொடாதீர்கள். முன் ஆக்சிலை இறுக்கிய கையோடு, அதைக் கவ்விப் பிடிக்கும் பிஞ்ச் போல்ட்டுகளையும் இறுக்குவது மற்றொன்று. ஆக்சில் நட்டை இறுக்கி, வண்டியைத் தரையில் இறக்கி, முன் பிரேக்கைப் பிடித்து ஃபோர்க்கை நாலைந்து முறை அமுக்கிவிட்டு, அதன் பிறகுதான் பிஞ்ச் போல்ட். இல்லையென்றால் இரண்டு கால்களும் கோணலாக நின்று உரசும்.

ஃபோர்க்கின் உச்சியில் இருக்கும் சின்னக் காற்று ஸ்க்ரூவை, வண்டி ஆறியிருக்கும்போது, முன் சக்கரத்தைத் தூக்கிவைத்துத் திறந்து மூடுங்கள். ஓட ஓட உள்ளே சேர்ந்த காற்று வெளியேறும். ஸ்பிரிங்குக்குப் பதில் காற்றழுத்தத்தில் இயங்கும் ஏர் ஃபோர்க் என்றால், அழுத்தம் அடைக்கும் வால்வையும் இந்த ஸ்க்ரூவையும் மாற்றிக்கொள்ளாதீர்கள்.

இவ்வளவும் முடிந்தபின் கிளிக்கர். கடிகாரச் சுற்றில் மெதுவாக மூடி, எத்தனை கிளிக் என்று எண்ணி எழுதுங்கள். பலமாக மூடினால் உள்ளிருக்கும் ஊசி கெட்டுவிடும். பிறகு பழைய இடத்துக்கே திருப்பிவைத்து, ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும், இரண்டு கிளிக் மட்டும் மாற்றி ஓட்டிப் பாருங்கள்.

சிசிலி வெயில் சும்மா விடாது

2021 ஆகஸ்ட் 11 அன்று சிசிலியின் சிராகுசா அருகே பதிவான வெப்பநிலை 48.8 டிகிரி செல்சியஸ். ஐரோப்பாவின் உச்ச வெப்பம் என்று உலக வானிலை அமைப்பு பின்னர் அதை உறுதிப்படுத்தியது. ஏர் ஃபோர்க் வைத்திருப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். காலையில் வீட்டுக் கராஜில் 20 டிகிரியில் 10 பார் அடைத்தால், 45 டிகிரி வெயிலில் அது 11 பாரை நெருங்கும். நேற்று நன்றாக இருந்த வண்டி இன்று கைகளைக் குத்துவதற்கு இதுவே காரணமாக இருக்கலாம். அழுத்தத்தை டிராக்கிலேயே, நிழலில் நிறுத்தி, ஓட்டத் தொடங்குமுன் சரிபாருங்கள். பின் ஷாக்கில் இதற்கு எதிர்மாறு. ஓட்டம் நீள நீள உள்ளிருக்கும் எண்ணெய் சூடாகி நீர்த்து, தடுக்கும் சக்தி குறையும். ஆறிய வண்டியில் செய்த செட்டிங், சூடேறிய பிறகு பின்பக்கத்தை உதைத்துத் தூக்கலாம். பத்து நிமிடம் ஓட்டிச் சூடேற்றிய பிறகே முடிவு செய்யுங்கள்.

கையை எடுங்கள்: இவற்றைச் செய்யவே கூடாது

- பின் ஷாக்கையோ அதன் ரிசர்வாயரையோ வீட்டில் பிரிக்காதீர்கள். கம்ப்ரெஷன் ஸ்க்ரூவைச் சுற்றியிருக்கும் பெரிய நட்டு அட்ஜஸ்டரைப் போலவே தோன்றும். கேடிஎம் கையேடு அதைக் கழற்றக்கூடாது என்று தனியாக எச்சரிக்கிறது.
- நைட்ரஜனுக்குப் பதில் ஆக்சிஜன் அடைப்பது பற்றி நினைத்தும் பார்க்காதீர்கள். அழுத்தத்தில் ஆக்சிஜனும் எண்ணெயும் சேர்ந்தால் வெடிக்கும்.
- ஏர் ஃபோர்க்கின் மூடியை, காற்றை முழுதும் இறக்காமல் திறக்காதீர்கள்.
- மென்மையாக்கவென்று ஃபோர்க் ஆயிலைக் கொஞ்சம் வடித்துவிடாதீர்கள். ஆயில் குறைந்தால் தாவி இறங்கும்போது ஃபோர்க் அடியில் இடிக்கும்.
- இன்ஜின் ஆயில் வேண்டாம். '5டபிள்யூ' என்ற எழுத்தை மட்டும் நம்பியும் ஆயில் மாற்றாதீர்கள். ஒரு பிராண்டின் 5 இன்னொன்றின் 5 அல்ல. 40 டிகிரியில் எத்தனை சென்டிஸ்டோக் என்று பாருங்கள்.
- சீல் ஒழுகுகிறதா? தடித்த ஆயில் ஊற்றிச் சமாளிக்காதீர்கள். ஒழுகும் எண்ணெய் முன் பிரேக் டிஸ்க்கில் பட்டால் பிரேக்கே இருக்காது. சீலை மாற்றுங்கள். எண்ணெய் பட்ட பிரேக் பேடுகளையும் மாற்றுங்கள்.
- கைரோலியின் செட்டிங்கைத் தேடிப் பிடித்து உங்கள் வண்டிக்கு வைக்காதீர்கள். ஃபேக்டரி வண்டியின் ஷாக்கும் ஃபோர்க்கும் உங்கள் கடை வண்டியில் இருப்பவை அல்ல. அவர் வேகமும் வேறு.

பெற்றோருக்கும் ஒரு வார்த்தை

ஷாக் வேலை நைட்ரஜன் அடைக்கும் கருவி உள்ள பட்டறையில்தான் நடக்க வேண்டும். பலெர்மோவில் பட்டறைக்குப் போகும்போது பின் ஷாக்கை 'மோனோ', ஃபோர்க்கை 'ஃபோர்ச்செல்லா', நைட்ரஜனை 'அசோத்தோ' என்று கேளுங்கள். 'அசோத்தோ நீங்களே அடைப்பீர்களா, வெளியே அனுப்புவீர்களா?' என்ற ஒரே கேள்வியில் அந்தப் பட்டறையின் தகுதி தெரிந்துவிடும். பிள்ளையின் எடையை, கவசத்தோடு சேர்த்து, மறக்காமல் சொல்லுங்கள்.

சரிசெய்த வண்டியைத் தெருவில் ஓட்டிப் பார்க்க விடாதீர்கள். பதிவு எண்ணும் விளக்கும் இல்லாத மோட்டோகிராஸ் பைக்கை இத்தாலியில் பொதுச்சாலையில் ஓட்டுவது சட்டமீறல், வண்டியும் பறிபோகும். வேனில் ஏற்றி, அனுமதி பெற்ற டிராக்குக்குக் கொண்டுபோங்கள். இத்தாலிய மோட்டார் சைக்கிள் கூட்டமைப்பான எஃப்எம்ஐயின் உரிமமும் மருத்துவச் சான்றும் பிள்ளையிடம் இருக்கட்டும். தனியாக ஓட்ட அனுப்பாதீர்கள். விபத்து என்றால் 112ஐ அழையுங்கள்.

கோயம்புத்தூரில் சூப்பர்கிராஸ் கனவோடு இருக்கும் தம்பிகளுக்கும், சாலை வண்டியை மலைக்காட்டுக்குக் கொண்டுபோகிறவர்களுக்கும் இதையே சொல்கிறேன். சேக்கை இந்த வாரமே அளந்து, தாளில் எழுதி, கராஜ் சுவரில் ஒட்டுங்கள். டயர், செயின், லிங்கேஜ், ஆக்சில் நான்கையும் நீங்களே பாருங்கள். நைட்ரஜன் இருக்கும் பக்கம் மட்டும் ஸ்பேனரைக் கொண்டுபோகாதீர்கள்.