கணக்கேட்டைத் திறந்த வழக்கறிஞர்

வழக்கறிஞர் என்றவுடன் நீதிமன்றமும் குறுக்கு விசாரணையும் நம் நினைவுக்கு வருகின்றன. ஆனால் நீதிமன்றப் படி ஏறாமலே வாழ்நாளைக் கழிக்கும் வழக்கறிஞரும் உண்டு. அமெரிக்காவில் பங்குப் பத்திரச் சட்டத்துறையில் பணிபுரிவோர் பலர் இத்தகையோரே. ஒரு கம்பெனி பொதுமக்களுக்குப் பங்கோ கடன் பத்திரமோ விற்க விரும்பினால், 1933-ஆம் ஆண்டுச் சட்டப்படி தன் உண்மை நிலையை விளக்கும் அறிக்கையைப் பதிவு செய்தல் வேண்டும். இயக்குநர் குழுவின் குறிப்புகள், ஒப்பந்தங்கள், கணக்குகள் ஆகியவற்றைப் படித்துப் பார்த்து, “இதை ஏன் சொல்லவில்லை?” என்று முதலாளியையே கேட்பது இவ்வழக்கறிஞரின் கடமை. ஊதியம் தருபவரிடம் அவ்வாறு கேட்பது எளிதன்று.

இத்துறையில் அழியாப் பெயர் பெற்றவர் ஸ்டான்லி ஸ்போர்க்கின். 1932-இல் பிலடெல்பியாவில் பிறந்தவர். தந்தையார் நீதிபதி. 1957-இல் யேல் பல்கலைக்கழகத்தில் சட்டப் பட்டம் பெற்ற இவர், கணக்காய்வாளர் தகுதியும் உடையவர். பின்னர் அவர் செய்தவற்றுக்கெல்லாம் இவ்விரு கல்வியும் ஒருங்கே அமைந்ததே காரணம் என்பது என் கருத்து. 1961-இல் பங்குப் பத்திரப் பரிவர்த்தனை ஆணையத்தில் சேர்ந்து, 1974 முதல் 1981 வரை அதன் அமலாக்கப் பிரிவின் இயக்குநராய் விளங்கினார்.

1973-இல் வாட்டர்கேட் விசாரணையின்போது, சட்டவிரோதமாகத் தேர்தல் நிதி அளித்ததாகக் கம்பெனித் தலைவர்கள் சாட்சியம் கூறினர். நாடே அதை அரசியலாகப் பார்த்தது. ஸ்போர்க்கினுக்கோ வேறொரு ஐயம் எழுந்தது: அப்பணத்தைக் கணக்கேட்டில் எந்தத் தலைப்பில் எழுதியிருப்பார்கள்? ஏடுகளைத் திறந்தபோது இரகசிய நிதிகளும், வெளிநாட்டு அதிகாரிகளுக்குக் கொடுத்த கையூட்டும் வெளிப்பட்டன. தாமே முன்வந்து உண்மையைத் தெரிவிக்குமாறு ஆணையம் அழைத்தது. நானூறுக்கும் மேற்பட்ட கம்பெனிகள், 30 கோடி டாலருக்கும் அதிகமான ஐயத்துக்குரிய தொகைகளை ஒப்புக்கொண்டன. இதன் விளைவாக 1977-இல் பிறந்த சட்டம் வெளிநாட்டுக் கையூட்டைத் தடுத்ததோடு, கணக்குகளை உள்ளபடி எழுதவும் கட்டளையிட்டது.

பிற்காலத்தில் கூட்டாட்சி நீதிபதியாக அமர்ந்திருந்தபோது, அவர்முன் வந்தது லிங்கன் வழக்கு. கலிபோர்னியாவிலிருந்த இச்சேமிப்பு நிறுவனத்தின் கிளைகளிலேயே, அதன் தாய்க் கம்பெனியின் கடன் பத்திரங்கள் விற்கப்பட்டன. வாங்கியோர் ஏறத்தாழ 23,000 பேர். அவருள் முதியோர் பலர். வைப்புத் தொகைக்கு இருந்த அரசு உத்தரவாதம் அப்பத்திரங்களுக்குக் கிடையாது. உண்டென்றே பலர் நம்பினர். 1989 ஏப்ரலில் தாய்க் கம்பெனி திவாலாயிற்று. அரசு லிங்கனைக் கையகப்படுத்தியது. அது முறையன்று என உரிமையாளர் தொடுத்த வழக்கை 1990-இல் ஸ்போர்க்கின் தள்ளுபடி செய்தார். அத்தீர்ப்பில் அவர் எழுப்பிய வினா இன்றும் சட்டக் கல்லூரிகளில் பேசப்படுகிறது: இத்தகைய நடவடிக்கைகள் நிகழ்ந்த வேளையில், அவற்றில் தொடர்புடைய வழக்கறிஞரும் கணக்காய்வாளரும் எங்கே இருந்தனர்? ஒருவர்கூட ஏன் வாய் திறக்கவில்லை?

லிங்கனுக்காக வாதாடிய நியூயார்க் சட்ட நிறுவனமொன்று, தவற்றை ஒப்புக்கொள்ளாமலே, 1992-இல் 4 கோடியே 10 லட்சம் டாலர் கொடுத்து அரசுடன் உடன்பாடு செய்துகொண்டது. என்ரான் வீழ்ச்சிக்குப்பின் 2002-இல் வந்த சட்டம் அவ்வினாவுக்கு ஓரளவு விடை தந்தது. மோசடிக்குச் சான்று காணும் வழக்கறிஞர் அதைக் கம்பெனியின் தலைமைச் சட்ட அதிகாரியிடமோ தலைமை நிர்வாகியிடமோ தெரிவிக்க வேண்டும். தக்க மறுமொழி வராவிடில் இயக்குநர் குழுவின் தணிக்கைக் குழுவிடம் செல்ல வேண்டும். அரசிடம் சொல்லியே தீரவேண்டும் என்னும் கட்டாயம் மட்டும் இல்லை. கட்சிக்காரரின் இரகசியத்தைக் காக்கும் கடமை அங்கே குறுக்கே நிற்கிறது. அதனை வீண் சாக்கு என்று நான் ஒதுக்கமாட்டேன். ஆயினும் 23,000 குடும்பங்களை எண்ணும்போது மனம் அமைதி கொள்வதில்லை.

ஸ்போர்க்கின் 2000-இல் நீதிபதிப் பொறுப்பினின்று ஓய்வு பெற்றார். 2006-இல் ஓர் எண்ணெய்க் கம்பெனி தன் அமெரிக்கத் தொழிலாளரின் பாதுகாப்புக் குறைகளைக் கேட்க ஒருவரைத் தேடியபோது, எழுபது வயதைக் கடந்திருந்த அவரையே அழைத்தது. 2020 மார்ச்சில் அவர் காலமானார்.